தேதி குறித்த உலகமுடிவுகளும் விசுவாசமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிறிஸ்தவ உலகில் "இன்ன நாளில் கர்த்தர் வருகிறார்" என்று தேதி போட்டுச் சொல்லப்பட்ட அறிவிப்புகள், அவை பொய்த்த விதம், அதன்பின் விசுவாசத்துக்கு என்ன மதிப்பு என்ற வாதம் ஆகியவை பற்றி வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே இருக்கின்றன. வீட்டில் ஒருவர் இப்போதே ஒரு தேதியை நம்பிக் காத்திருந்தால், கடைசிப் பகுதியில் உள்ள நடைமுறைக் கேள்விகளை முதலில் படியுங்கள்.

தேதி குறிக்கும் பழக்கம் எப்போது தொடங்கியது?

சபையின் முதல் தலைமுறையிலேயே அந்தப் பதற்றம் இருந்தது. கர்த்தருடைய நாள் வந்துவிட்டது என்று யார் சொன்னாலும் கலங்க வேண்டாம் என்று தெசலோனிக்கே சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபம் சொல்கிறது. வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்ற வசனமும் அதே நிருபத்தில்தான் வருகிறது. இரண்டும் ஒரே கடிதத்தில் இருப்பது தற்செயல் அல்ல என்று கருதும் வேத அறிஞர்கள் பலர்.

இரண்டாம் நூற்றாண்டில் பிரிகியா நாட்டில் மொந்தானுஸைப் பின்பற்றியவர்கள், புதிய எருசலேம் பெபூசா என்ற ஊரில் இறங்கும் என்றார்கள். அடுத்த நூற்றாண்டில் ரோமாபுரிச் சபையின் அறிஞர் ஹிப்போலித்துஸ் உலகத்துக்கு வயது போட்டார். படைப்பிலிருந்து கிறிஸ்து பிறக்கும்வரை 5,500 ஆண்டுகள், மொத்த ஆயுள் 6,000 ஆண்டுகள், ஆகவே முடிவு கி.பி. 500 வாக்கில் என்பது அவர் கணக்கு. கி.பி. 1000-இல் ஐரோப்பா முழுவதும் நடுங்கியது என்று பரவலாகச் சொல்வார்கள். அந்தச் சித்திரம் பெரும்பாலும் பிற்கால எழுத்தாளர்கள் மிகைப்படுத்தியது; அதைச் சான்றாகக் காட்டி வாதிடாதீர்கள்.

நாள், மணி வரை துல்லியமாகச் சொல்லும் பழக்கம் சீர்திருத்தக் காலத்துக்குப் பிறகே வலுத்தது. அச்சுப் புத்தகமும் தாய்மொழி பைபிளும் கைக்கு வந்ததும், கணக்குப் போடுவது எவர்க்கும் சாத்தியமாயிற்று.

தேதியை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

எல்லாக் கணக்குகளுக்கும் உறுப்புகள் மூன்றுதான்: ஒரு தொடக்க ஆண்டு, ஒரு வேத எண், அந்த எண்ணை ஆண்டாக மாற்றும் விதி. விதி பெரும்பாலும் "ஒரு நாளுக்கு ஒரு வருஷம்". எண்ணாகமம் 14:34-உம் எசேக்கியேல் 4:6-உம் அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும். இரண்டு இடங்களிலும் அது குறிப்பிட்ட ஒரு தண்டனையைப் பற்றிய பேச்சு. தீர்க்கதரிசன எண் ஒவ்வொன்றுக்கும் பொருந்தும் பொது விதி என்று இரண்டுமே சொல்லவில்லை. கணக்கின் முதல் விரிசல் இதுதான்.

நன்றாகப் பதிவான உதாரணம் வில்லியம் மில்லருடையது. நியூயார்க் மாநிலத்து விவசாயி, பாப்டிஸ்ட் சபைக்காரர், 1812-இல் தொடங்கிய போரில் கேப்டனாக இருந்தவர். தானியேல் 8:14-இல் "இரண்டாயிரத்து முந்நூறு" நாட்கள் சென்றபின் பரிசுத்த ஸ்தலம் சுத்திகரிக்கப்படும் என்று வருகிறது. அந்த நாட்களை ஆண்டுகளாக்கினார். எருசலேமைப் பற்றிய பாரசீக ராஜா அர்தசஷ்டாவின் கட்டளை கி.மு. 457 என்று வைத்துக்கொண்டார். 2,300-இல் 457 போனால் 1,843. ஸ்தலம் என்றால் பூமி, சுத்திகரிப்பு என்றால் கிறிஸ்துவின் வருகை என்று பொருள் கொண்டார். 1843 மார்ச் 21-க்கும் 1844 மார்ச் 21-க்கும் இடையில் என்பது அவர் அறிவிப்பு.

அந்த மார்ச் கடந்தது. கராயிமியர் என்ற யூதப் பிரிவினரின் நாட்காட்டிப்படி ஆண்டு ஏப்ரல் 18-இல்தான் முடிகிறது என்றார்கள். அதுவும் கடந்தது. பிறகு சாமுவேல் ஸ்னோ என்பவர் இன்னொரு கணக்கோடு வந்தார்: யூதர்களின் ஏழாம் மாதம் பத்தாம் தேதி பாவநிவாரண நாள், பிரதான ஆசாரியர் வெளியே வருவது போலக் கிறிஸ்துவும் அன்றைக்கே வருவார், கராயிமியர் நாட்காட்டியில் அது 1844 அக்டோபர் 22. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஆண்டு பெரும்பாலான யூதர்கள் பாவநிவாரண நாளைச் செப்டம்பர் 23-இலேயே அனுசரித்து முடித்துவிட்டார்கள். எந்த நாட்காட்டியை எடுப்பது என்ற தேர்வு கணக்குப் போடுகிறவர் கையில் இருந்தது.

கணக்கில் தவறு எங்கே இருக்கிறது? கூட்டல் கழித்தல் சரியாகத்தானே வருகிறது?

கூட்டல் கழித்தலிலேயே ஒரு பொறி உண்டு. கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1, நடுவில் பூஜ்ய ஆண்டு கிடையாது. ஆகவே கி.மு. 457-இலிருந்து 2,300 ஆண்டுகள் போனால் வருவது 1844, 1843 அல்ல. மில்லர் கூட்டத்தார் பிறகு இதைக் கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டார்கள்.

இதே பொறியில் சார்லஸ் டேஸ் ரஸ்ஸலும் விழுந்தார். பின்னாளில் யெகோவாவின் சாட்சிகள் என்று பெயர்பெற்ற இயக்கத்தைத் தொடங்கியவர் அவர். எருசலேமின் அழிவு கி.மு. 606, வேதத்தில் வரும் "ஏழு காலங்கள்" என்பது 2,520 ஆண்டுகள், ஆகவே முடிவு 1914 என்றார். பூஜ்ய ஆண்டு இல்லை என்பதைச் சேர்த்தால் 1915 வர வேண்டும். 1914-இல் உலகப் போர் மூண்டுவிட்டதால் அந்த ஆண்டை விட இயக்கத்தாருக்கு மனமில்லை. 1940-களில் தொடக்க ஆண்டை 607 ஆக நகர்த்தினார்கள். வரலாற்று அறிஞர்கள் பாபிலோன் ஆவணங்களைக் கொண்டு எருசலேம் அழிந்ததை கி.மு. 587 அல்லது 586 என்கிறார்கள். கணக்கைப் பரிசோதிக்கும் எவரும் பார்க்க வேண்டிய இடம் இது: தவறு தெரிந்தபோது விடை மாறியதா, விடையைக் காப்பாற்ற வினா மாறியதா?

ஹரால்ட் காம்பிங் போட்ட கணக்கை இன்னும் அருகில் வைத்துப் பார்ப்போம். கலிபோர்னியாவில் ஃபேமிலி ரேடியோ என்ற வானொலி நடத்தியவர். முதலில் 1994 செப்டம்பர் என்றார், பிறகு 2011 மே 21 என்றார். ஜலப்பிரளயம் கி.மு. 4990, கர்த்தருக்கு ஆயிரம் வருஷம் ஒரு நாள் போல, ஏழு நாள் என்றால் 7,000 ஆண்டு. 4990-உம் 2011-உம் கூட்டி, பூஜ்ய ஆண்டுக்காக ஒன்றைக் கழித்தால் சரியாக 7,000. இது ஒரு வழி. இன்னொரு வழியும் வைத்திருந்தார். கிறிஸ்து சிலுவையில் மரித்தது கி.பி. 33 ஏப்ரல் 1, அங்கிருந்து 2011 ஏப்ரல் 1 வரை 1,978 ஆண்டுகள், ஆண்டுக்கு 365.2422 நாள் வீதம் 722,449 நாள். மே 21 வரை இரு முனையும் சேர்த்து 51 நாள். மொத்தம் 722,500. அது 5, 10, 17 மூன்றையும் பெருக்கி வரும் 850-இன் வர்க்கம். ஐந்து பாவநிவாரணம், பத்து முழுமை, பதினேழு பரலோகம் என்பது அவர் விளக்கம்.

முதல்முறை பார்க்கும்போது மலைப்பாகத்தான் இருக்கும். ஒவ்வொரு கண்ணியாகக் கழற்றிப் பாருங்கள். சிலுவை மரணம் கி.பி. 30 என்று சொல்லும் அறிஞர்களும் நிறைய. ஆண்டு மாறினால் ஆயிரம் நாளுக்கு மேல் போய்விடும். இரு முனையும் எண்ணாமல் ஒரு முனை எண்ணினால் 50 நாள்தான், வர்க்க எண் உடைந்துவிடும். பதினேழுக்குப் பரலோகம் என்ற பொருளை பைபிள் எங்கும் தரவில்லை. இரண்டு தேதிகளுக்கு இடையிலான நாட்களை வைத்துக்கொண்டு, பொருள் சொல்லக்கூடிய பெருக்கல் ஒன்று அகப்படும்வரை தேடினால் ஏதாவது ஒன்று அகப்படும். அகப்படாத தேடல்களை யாரும் மேடையில் சொல்வதில்லை.

666 முத்திரை, பார்கோடு இவையெல்லாம்?

வெளிப்படுத்தின விசேஷம் 13-இல் மிருகத்தின் எண்ணாக வருவது 666; அதை அந்திக்கிறிஸ்துவின் பெயருக்குரிய எண் என்பார்கள். பெயரை எண்ணாக்கும் கலை எவ்வளவு வளையும் என்பதற்கு மிக்கேல் ஸ்டீஃபெல் போதும். ஜெர்மனியில் லூத்தரின் நண்பர், போதகர், திறமையான கணித அறிஞர். போப் பத்தாம் லியோவை அந்திக்கிறிஸ்து என்று காட்ட, லத்தீனில் எழுதிய "லியோ டெசிமுஸ்" என்ற பெயரிலுள்ள ரோமன் எண் எழுத்துகளை மட்டும் எடுத்துக் கூட்டினார். 1,656 வந்தது. ஆயிரத்தைக் குறிக்கும் எழுத்து "மர்மம்" என்ற சொல்லின் முதலெழுத்து என்று அதை நீக்கினார், 656. பத்தாம் லியோ என்பதற்காகப் பத்தைக் கூட்டினார், 666. ஒன்றை நீக்கவும் ஒன்றைச் சேர்க்கவும் உரிமை எடுத்துக்கொண்டால் யார் பெயரும் அந்த எண்ணில் வந்து நிற்கும்.

பார்கோடு விஷயம் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடியது. கடைப் பொருள்களின் பார்கோட்டில் இரு ஓரத்திலும் நடுவிலும் இரட்டைக் கோடுகள் இருக்கும். வலப்பாதியில் ஆறு என்ற இலக்கமும் மெல்லிய இரட்டைக் கோடாக அச்சாகும். அதைப் பார்த்துத்தான் மூன்று ஆறு என்றார்கள். ஆனால் ஆறுக்கு ஏழு அலகு அகலம். ஓரக் கோடுகளுக்கு மூன்று அலகு, நடுக் கோடுகளுக்கு ஐந்து அலகு. கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கருவிக்குக் காட்டும் எல்லைக் குறிகள் அவை. கருவி அவற்றை எண்ணாகப் படிப்பதே இல்லை.

"அந்த நாளையும் அந்த நாழிகையையும்" ஒருவரும் அறியார் என்று வேதமே சொல்கிறதே. தெரிந்தும் எப்படித் தேதி சொல்கிறார்கள்?

மத்தேயு 24:36 அவர்களுக்கும் மனப்பாடம்தான். அதைத் தாண்ட வழக்கமாக மூன்று வழி எடுப்பார்கள். நாளும் நாழிகையும்தான் தெரியாது, வருஷம் தெரியலாம் என்பது ஒன்று. அன்றைக்குத் தெரியாது, கடைசிக் காலத்தில் முத்திரை திறக்கப்படும் என்று தானியேல் 12-ஆம் அதிகாரத்தைக் காட்டுவது இரண்டாவது. அந்த நாள் திருடனைப் போல வருவது இருளில் இருப்பவர்களுக்குத்தான், நமக்கு அல்ல என்று 1 தெசலோனிக்கேயர் 5:4-ஐக் காட்டுவது மூன்றாவது. காம்பிங் இதைத்தான் பயன்படுத்தினார்.

இதற்குப் பதில் அப்போஸ்தலர் 1:7. "காலங்களையும் வேளைகளையும் அறிகிறது உங்களுக்கு அடுத்ததல்ல" என்கிறது வசனம். "காலங்களையும்" என்று பன்மையில் வந்துவிட்டதால், வருஷம் மட்டும் சொல்லலாம் என்ற வாசல் அங்கேயே மூடப்படுகிறது. தேதி சொல்கிறவரோடு வசனத்தில் வாதிட வேண்டி வந்தால் மத்தேயுவில் தொடங்காதீர்கள். அதற்கு விடை தயாராக வைத்திருப்பார். இந்த வசனத்தில் தொடங்குங்கள்.

தேதி தவறிய மறுநாள் என்னதான் நடக்கிறது?

1844 அக்டோபர் 23 காலையில் பல்லாயிரம் பேர் அழுது தீர்த்த கண்களோடு எழுந்தார்கள். அறுவடை செய்யாமல் விட்ட வயல்கள் சில இடங்களில் இருந்தன. வெள்ளை அங்கி தைத்து மலைமேல் ஏறி நின்றார்கள் என்ற கதை மட்டும் ஆதாரமற்றது, கேலிக்காகப் பரவியது. அன்று காலை ஹைரம் எட்சன் என்பவர் சோளக்காட்டு வழியே நடந்து போகும்போது அவருக்கு ஒரு விளக்கம் தோன்றியது. தேதி சரிதான், நடந்தது பூமியில் அல்ல, பரலோகத்திலுள்ள ஸ்தலத்தில் என்பது அந்த விளக்கம். அதைப் பற்றிக்கொண்டவர்களிடமிருந்து 1863-இல் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை அமைந்தது. மில்லர் அப்படிச் செய்யவில்லை. தம் கணிப்பு தவறியதை ஒப்புக்கொண்டார், வருகை சமீபம் என்ற நம்பிக்கையை விடாமல் 1849-இல் இறந்தார்.

பொதுவாக நான்கு பாதைகள் தெரிகின்றன. தேதியைத் தள்ளிப்போடுவது ஒன்று. 1988-இல் இரகசிய வருகைக்கு (சபை திடீரென்று பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவதற்கு) 88 காரணங்கள் அச்சிட்ட எட்கர் விசனன்ட், அடுத்த ஆண்டுக்கும் ஒரு புத்தகம் போட்டார். கண்ணுக்குத் தெரியாமல் நிறைவேறிவிட்டது என்பது. ரஸ்ஸலின் இயக்கத்தார் 1914-க்குக் கொடுத்த விளக்கமும், காம்பிங் மே 21-க்குக் கொடுத்த "ஆவிக்குரிய நியாயத்தீர்ப்பு" விளக்கமும் இந்த வகை. பழியை விசுவாசிகள் மேல் போடுவது. கடைசியாக, தவறு என்று ஒப்புக்கொள்வது. காம்பிங் உலக முடிவு நாள் என்று சொன்ன 2011 அக்டோபர் 21-உம் கடந்த பிறகு, 2012 மார்ச்சில் தேதி சொன்னது பாவம் என்று எழுதி மன்னிப்புக் கேட்டார். காலம் தாழ்ந்து வந்தாலும், அந்தக் கடிதத்துக்கு மதிப்பு உண்டு. பலர் அதைக்கூட எழுதாமல் போனார்கள்.

தேதி தவறினால் நம்பிக்கை கூடவே செய்யும் என்று உளவியல் புத்தகங்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். லியோன் ஃபெஸ்டிங்கரும் மற்றவர்களும் 1954-இல் சிகாகோ பக்கம் பறக்கும் தட்டுகளுக்காகக் காத்திருந்த சிறு குழுவை ஆராய்ந்து சொன்னது அது. அது கிறிஸ்தவ சபை அல்ல. ஆராய்ச்சியாளர்களே வேடமிட்டு உறுப்பினர்களாக உள்ளே இருந்தார்கள். எல்லாக் குழுவுக்கும் அதைப் பொருத்த முடியாது. 1925-இல் ஆபிரகாம் முதலானோர் உயிர்த்தெழுவார்கள் என்று ரஸ்ஸலுக்குப் பின்வந்த ரதர்ஃபோர்டு அறிவித்திருந்தார். அந்த ஆண்டு இயக்கத்தின் கிறிஸ்து மரண நினைவு ஆசரிப்புக்கு வந்தவர்கள் சுமார் 90,000 பேர். 1928-இல் சுமார் 17,000 பேர். ஜனங்கள் சத்தமில்லாமல் எழுந்து போய்விடுகிறார்கள்.

யாருக்கும் தீங்கு இல்லாத தவறுதானே?

இல்லை. ஸ்டீஃபெல் 1533 அக்டோபர் 19 காலை எட்டு மணிக்கு முடிவு என்று லொஹாவ் ஊரில் சொன்னபோது, அவருடைய சபைக் குடியானவர்கள் வேலையை விட்டு, சேமித்ததைச் செலவழித்தார்கள். குளிர்காலம் வாசலில் நின்றது. லூத்தர் தலையிட்டு அவரைக் காப்பாற்றினார். அதற்குப்பின் அவர் கணிதத்தில் ஆழ்ந்து 1544-இல் நல்ல நூல் ஒன்று எழுதினார். அவருடைய சபையாருக்கு யார் ஈடு செய்தார்கள்?

தென்கொரியாவில் லீ ஜாங் ரிம் நடத்திய தாமி மிஷன், 1992 அக்டோபர் 28 நள்ளிரவில் இரகசிய வருகை என்றது. வேலையை விட்டவர்களும் சொத்தை விற்றுக் காணிக்கையாகக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். அந்த நாளுக்குப் பிறகு முதிர்வடையும் கடன் பத்திரங்களை அவர் வாங்கி வைத்திருந்தது விசாரணையில் தெரிந்தது. மோசடிக்காகச் சிறை சென்றார்.

இன்னும் கொடியவை உண்டு. உகாண்டாவின் கனுங்குவில் பத்துக் கட்டளைகளை மீட்கும் இயக்கம் ஒன்று 1999 டிசம்பர் 31 முடிவு என்றது. தேதி தவறியதும் கொடுத்த சொத்தைத் திருப்பிக் கேட்கும் குரல்கள் எழுந்தன. 2000 மார்ச் 17-இல் ஜெபவீடு ஆணியடித்துப் பூட்டப்பட்டு எரிந்ததில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். கென்யாவின் ஷகஹோலா காட்டில் 2023-இல் தோண்டி எடுக்கப்பட்ட உடல்கள் நானூறுக்கு மேல். இயேசுவைச் சந்திக்கப் பட்டினி கிடக்கும்படி போதிக்கப்பட்டவர்கள் அவர்கள். அதில் குழந்தைகளும் உண்டு.

நம் பக்கத்தில் இப்படி நடந்ததுண்டா?

உண்டு. அதன் வேர் திருநெல்வேலி வரை போகிறது. சபை திடீரென்று எடுத்துக்கொள்ளப்படும் என்ற போதனை 1830-களில் ஜான் நெல்சன் டார்பியும் பிரதரன் சபையாரும் வடிவமைத்தது. நம் சபைகளில் "இரகசிய வருகை" என்பது அதுதான். அந்தச் சபையைச் சேர்ந்த அந்தோணி நாரிஸ் குரோவ்ஸிடம் பழகியவர் அருளப்பன். 1860-இல் திருநெல்வேலிப் பகுதியில் அவர் ஊழியத்தில் பெரிய எழுப்புதல் உண்டானது. அந்த அலை 1870-களில் திருவிதாங்கூருக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே பிராமணக் குடும்பத்தில் ராமையனாகப் பிறந்து கிறிஸ்தவரான யுஸ்துஸ் யோசேப்பு, வித்துவான்குட்டி என்று அறியப்பட்டவர், கிறிஸ்து 1881-இல் வருவார் என்று அறிவித்தார். ஐந்தரை ஆண்டு கெடு என்பதால் அவர் கூட்டத்துக்கு "அஞ்சரை வேதக்காரர்" என்ற பெயர் வந்தது. 1881 கடந்தது, கூட்டம் சுருங்கியது. அவர் எழுதிய மலையாளக் கீர்த்தனைகளை மட்டும் கேரளச் சபைகளில் இன்றும் பாடுகிறார்கள்.

தேதி பொய்த்தால் விசுவாசமே பொய் என்று ஆகாதா?

வாதத்தில் இரு தரப்பும் இங்கேதான் அவசரப்படுகின்றன.

பொய்த்தது எது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். "தானியேலின் 2,300 நாள் 1844-இல் முடிந்து கிறிஸ்து வருவார்" என்ற கூற்று பொய்த்தது. அதைச் சொன்னவருக்கு வேதத்தைத் திறக்கும் தனிச் சாவி இருக்கிறது என்ற உரிமையும் அதோடு பொய்த்தது. கடவுள் உண்டா என்ற கேள்வி அந்தக் கணக்கில் ஒரு உறுப்பே அல்ல. அதனால் அது அங்கே நிரூபணமும் ஆகவில்லை, பொய்க்கவும் இல்லை. நூறு தேதி தவறினாலும் இந்த நிலை மாறாது.

ஆனால் விசுவாசிகள் இத்தோடு தப்பிக்க முடியாது. "என்ன நடந்தாலும் என் கூற்று தவறாகாது" என்று விளக்கத்தை மாற்றிக்கொண்டே போனால், அந்தக் கூற்றுக்கு உள்ளடக்கம் இல்லாமல் போகிறது என்று நாத்திகர் சொல்வது நியாயம். உபாகமம் 18:22-உம் அதையே கேட்கிறது: சொன்ன காரியம் நடவாமல் போனால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை, அந்தத் தீர்க்கதரிசிக்குப் பயப்பட வேண்டியதில்லை. பைபிளே வைத்திருக்கும் இந்தச் சோதனையைத் தேதி சொல்கிறவர்கள் மேல் முதலில் நடத்த வேண்டியவர்கள் விசுவாசிகளே.

"இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது" என்று இயேசுவே சொன்னாரே?

மாற்கு 13:30. கேள்விகளில் மிகக் கடினமானது இதுதான். ஆல்பர்ட் ஷ்வைட்சர் 1906-இல் எழுதிய நூலில், முடிவு தம் காலத்திலேயே வரும் என்று இயேசு எதிர்பார்த்தார் என்று வாதிட்டார். இதற்கு விசுவாசிகள் தரும் விடைகளில் வலுவானது, அந்த அதிகாரம் தேவாலயம் இடிக்கப்படுவதைப் பற்றிய கேள்வியில்தான் தொடங்குகிறது, அது கி.பி. 70-இல் அந்தத் தலைமுறைக்குள் நடந்தது என்பது. சந்ததி என்றால் யூத இனம் என்ற விடை மொழியளவில் பலவீனமானது. கி.பி. 70 விடையிலும், மனுஷகுமாரன் மேகங்கள்மேல் வருவது பற்றிய வசனங்களை எங்கே வைப்பது என்ற சிக்கல் மிஞ்சுகிறது. ஆனாலும் அதற்கு இரண்டு வசனம் தள்ளி, அந்த நாளைக் குமாரனும் அறியார் என்று இயேசு தம்மையே சேர்த்துச் சொல்லியிருக்கிறார். தேதி சொல்கிறவர் அவரைவிட அதிகம் தெரிந்ததாக உரிமை கோருகிறார் என்பதை மறந்துவிடக் கூடாது.

அப்படியானால் விசுவாசத்தால் என்ன பயன்?

அளந்து பார்த்த ஒன்றைச் சொல்லலாம். 1844-இன் ஏமாற்றத்திலிருந்து எழுந்த அதே அட்வென்டிஸ்ட் சபையார் புகை, மதுவை விட்டார்கள்; பலர் மரக்கறி உணவுக்கு மாறினார்கள்; வாரத்தில் ஒரு நாள் கட்டாயம் ஓய்வு. 2001-இல் வெளியான ஆய்வில், கலிபோர்னியா அட்வென்டிஸ்ட் ஆண்கள் அதே மாநிலத்தின் மற்ற ஆண்களைவிட 7 ஆண்டுக்கு மேலும், பெண்கள் 4 ஆண்டுக்கு மேலும் கூடுதலாக வாழ்வது தெரிந்தது. இதைக் காட்டி அவர்கள் உபதேசம் உண்மை என்று யாரும் வாதிடக் கூடாது. புகையை விட்டால் நாத்திகருக்கும் ஆயுள் கூடும். ஆனால் ஒரு பழக்கத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கைவிடாமல் காப்பது தனி மனிதருக்கு எவ்வளவு கடினம் என்று அறிந்தவர்கள், அதை ஒரு சபை செய்து காட்டியதைக் குறைத்து மதிப்பிட மாட்டார்கள்.

விசுவாசத்தின் பயனும் அதன் உண்மையும் தனித்தனி வழக்குகள். பயன் இருப்பதால் உண்மை என்றாகாது. சிலர் அதை வைத்து ஏமாற்றியதால் பொய் என்றும் ஆகாது. எங்கள் கருத்தைக் கேட்டால், துக்க வீட்டில் கூட நிற்கவும், கொடுத்த வாக்கைக் காக்கவும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் ஒருவரைப் பழக்கும் விசுவாசம் மதிப்புள்ளது. தேதிக் கணக்கு இதில் மூன்றாவதை முதலில் அழிக்கிறது.

வீட்டில் ஒருவர் தேதியை நம்பி வேலையை விடப் போகிறார். என்ன செய்வது?

கேலி செய்யாதீர்கள். கேலி, "பரியாசக்காரர் வருவார்கள்" என்ற வசனத்தின் நிறைவேறுதலாக அவருக்குப் படும். அவரைத் தேதியிலிருந்து பிரிக்க முயல்வதைவிட, திரும்பப் பெற முடியாத முடிவுகளிலிருந்து பிரிப்பது முதல் வேலை.

ராஜினாமாவுக்குப் பதில், அந்தத் தேதி கடந்து ஒரு மாதம் வரை சம்பளமில்லா விடுப்பு எடுக்கச் சொல்லுங்கள். தேதி உண்மையானால் விடுப்பினால் அவருக்கு ஒன்றும் குறையாது. இந்த வாதத்தைப் பெரும்பாலோர் ஏற்பார்கள். நிலம், வீடு பத்திரப்பதிவு எதிலும் கையெழுத்து வேண்டாம். நம் சட்டத்தில் பதிவுசெய்த தானப் பத்திரத்தைக் கொடுத்தவர் மனம் மாறிவிட்டது என்பதற்காக மட்டும் ரத்து செய்ய முடியாது. ஆன்மிக வழிகாட்டி தன் செல்வாக்கைத் தகாத முறையில் பயன்படுத்தி வாங்கியது என்று நீதிமன்றத்தில் காட்டினால் வழி உண்டு. ஆனால் அது ஆண்டுக்கணக்கில் இழுக்கும். காப்பீட்டுப் பாலிசியை ஒப்படைப்பது, நகையை விற்பது, பிள்ளைகளின் படிப்பை நிறுத்துவது ஆகியவற்றையும் இதே தேதிக்கு அப்பால் தள்ளிவையுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், வலிப்பு மாத்திரைகள் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டினி உபவாசம், பூட்டிய வீட்டில் கூடுகை, குழந்தைகளை அழைத்துப்போவது என்று பேச்சு வந்தால் விவாதத்தை நிறுத்திவிட்டுக் காவல்துறைக்குச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

பிறகு ஒரே ஒரு கேள்வி, அமைதியாக: "அந்த நாள் கடந்துபோனால் நீங்கள் எதை மாற்றிக்கொள்வீர்கள்?" பதிலை அவர் கையாலேயே, தேதியிட்டு, ஒரு தாளில் எழுதி அவருடைய வேதப் புத்தகத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். தேதி சொன்ன போதகரிடமும் இதைக் கேட்கச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கிறவர் மறுநாளுக்கான விளக்கத்தை இப்போதே தயார்செய்கிறார்.

தேதி கடந்துவிட்டது. அவரிடம் என்ன சொல்வது?

முதல் வாரம் ஒன்றும் சொல்ல வேண்டாம். சாப்பாடு, தூக்கம், தனியே விடாமை. வெட்கம்தான் பெரிய ஆபத்து; வெட்கத்தால்தான் பலர் அடுத்த தேதிக்குத் தாவுகிறார்கள். அந்தத் தாளை நீங்கள் எடுத்து நீட்டாதீர்கள், அவரே எடுப்பார். வழக்கமான சபை ஒன்றில் பொறுமையுள்ள மூப்பர் இருந்தால் அவரோடு பேசவிடுங்கள். கடவுளையே விட்டுவிடுகிறேன் என்றாலும், இன்னும் ஆழமாக நம்புகிறேன் என்றாலும், அந்த மாதத்தில் எடுக்கும் முடிவைக் கடைசி முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து எந்தத் தேதிகள் வரக்கூடும்?

2025-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒருவர் செப்டம்பர் 23, 24 என்றார். காணொளிகளில் உலகெங்கும் பரவியது. தவறியதும் பழைய நாட்காட்டியைக் காட்டி அக்டோபர் 7, 8 என்று நகர்ந்தது. அடுத்து 2028 பேசப்படும்: இஸ்ரேல் அமைந்த 1948-உடன், ஒரு தலைமுறைக்கு எண்பது வருஷம் என்று சங்கீதம் 90:10-ஐக் கூட்டும் கணக்கு. விசனன்ட் அதே 1948-உடன் நாற்பதைக் கூட்டித்தான் 1988 என்றார். 2030-உம் 2033-உம் அதற்கு அடுத்து. சிலுவை மரணத்தோடு இரண்டாயிரம் ஆண்டைக் கூட்டினால் வருபவை. ஐசக் நியூட்டனின் 2060-ஐயும் இழுப்பார்கள். கி.பி. 800-உடன் 1,260 ஆண்டைக் கூட்டி வந்தது அது. அதற்கு முன் முடிவு வராது என்று சொல்லி, அவசரமாகத் தேதி குறிப்பவர்களின் வாயை அடைக்கவே அதை எழுதிவைத்தார்.